மட்டியை வைத்துத் தண்ணீரைச் சோதிப்பது எப்படி?

சேலம் வழியே ஓடும் திருமணிமுத்தாற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்தால், பிடித்த அந்த நேரத்துத் தண்ணீரைப் பற்றி மட்டுமே தெரியவரும். முந்தின நாள் ராத்திரி யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால் அது எப்போதோ கடந்து போயிருக்கும். மட்டி அப்படியில்லை. ஒரே இடத்தில் கிடந்து நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்கிறது. தண்ணீரில் வரும் ஈயம், காட்மியம், செம்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதன் சதையில் சேர்கின்றன.

கடலோரச் சிப்பிகளை வைத்து இப்படிக் கண்காணிக்கலாம் என்று 1975இல் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற விஞ்ஞானி முன்மொழிந்தார். அமெரிக்கா 1986இல் தன் கரையோரங்களில் அதைத் தொடங்கியது. சேலத்தில் கடல் இல்லாவிட்டால் என்ன, குளத்துச் சேற்றில் புதைந்து கிடக்கும் நன்னீர் மட்டி போதும்.

முதலில் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் ஒரே கலங்கல் தண்ணீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் நாலைந்து மட்டிகளை விடுங்கள். ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தால், ஓடு மெல்லத் திறந்து, ஓரத்தில் இரண்டு சிறு துளைகள் தெரியும். ஒன்றில் தண்ணீர் உள்ளே போகும், மற்றதில் வெளியே வரும். சில மணி நேரத்தில் அந்தத் தொட்டி தெளிந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. சுத்தமான ஒரு குளத்தில், அனுமதி கேட்டு, ஏறக்குறைய ஒரே நீளமுள்ள மட்டிகளை எடுங்கள். பெரிதும் சிறிதும் கலந்தால் கணக்கு கெடும். தட்டினாலும் மூடாமல் வாய் பிளந்து கிடப்பதை ஒதுக்குங்கள்.

2. பத்து மட்டிகளைத் தொடக்க அளவுக்காக, அதாவது ஆற்றில் கட்டும் முன்பே சதையில் எவ்வளவு உலோகம் இருந்தது என்று ஒப்பிட, தனியே வையுங்கள். மீதியை நைலான் வலைப்பைகளில் போட்டு, ஆறு நகரத்துக்குள் நுழையும் முன் ஓரிடத்திலும் நகரத்தைத் தாண்டி ஓரிடத்திலும் கட்டுங்கள். ஒரு மாதம் இருக்கட்டும், வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். செத்திருந்தால் ரசாயனம்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சாகும்.

3. எடுத்த மட்டிகளை ஒரு நாள் நல்ல தண்ணீரில் விடுங்கள், குடலில் இருக்கும் சேறு வெளியேறும். தொடக்க அளவுக்கு வைத்த பத்துக்கும் இதேதான்.

4. பிளக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ஸ்டீல் கத்தி வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குரோமியமும் நிக்கலும் சதையில் ஒட்டினால், ஆற்றிலிருந்து வந்தது எது, கத்தியிலிருந்து வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. பிளாஸ்டிக் கத்தி எடுங்கள். சதையைத் தனித்தனிப் பையில் போட்டு, இடம், தேதி, நீளம் எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள்.

5. அமிலத்தில் கரைத்து அளப்பது ஆய்வகத்தின் வேலை, வீட்டில் முயலாதீர்கள். முடிவை உலர் எடைக் கணக்கில் கேளுங்கள், ஈர எடையில் தண்ணீரின் பங்கு மட்டிக்கு மட்டி மாறும். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊர் என்பதால் வெள்ளியையும் செம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த வருஷமும் இதே மாதத்தில், இதே நீளத்து மட்டிகளை வையுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் சதையின் எடை மாறிவிடும். சோதனைக்கு வைத்த மட்டிகளை யாரும் சமைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.