பழைய பாய்மரப் படகுக்குப் புதுக் கம்பி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில்தான் முதல் தவறு தொடங்குகிறது. காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். உப்புநீர் தேங்கிக் காற்றுப் புகாத இடுக்கில் படலம் சிதைந்து, அரிப்பு உள்ளுக்குள் ஓடும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் அப்படி இரண்டு இடங்களைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று, கம்பியின் அடிமுனையைக் கவ்வியிருக்கும் ஸ்வேஜ் குழல். மற்றது, கம்பியைப் படகின் உடலோடு பிணைக்கும் உலோகப் பட்டையான செயின்பிளேட், டெக்கை (படகின் மேல்தளத்தை) துளைத்து இறங்கும் இடம்.

1970களின் ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில் டெக்கின் நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். அந்தத் துளையில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் வெடித்தால் அந்த மரம் ஊறிப்போய், ஈரத்துணி சுற்றியதுபோல் செயின்பிளேட்டை வருடக்கணக்கில் நனைத்துக்கொண்டிருக்கும். மேலே பளபளப்பு, உள்ளே விரிசல்! செயின்பிளேட்டைக் கழற்றிப் பார்க்காமல் புதுக் கம்பியை மாட்டுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. உள்ளே அலமாரியைப் பிரிக்க வேண்டிவரும், சலிப்பான வேலைதான். ஆனாலும் கழற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலை டை பெனிட்ரன்ட் சாயம் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், ‘சைஸ் கூட்டிப் போட்டால் பலம்தானே’ என்ற ஆசை. 6 மில்லிமீட்டர் கம்பியை 8 ஆக்கினால் எடை ஏறத்தாழ முக்கால் பங்கு கூடும். அந்த எடை உயரத்தில் ஏறுவதால் படகு அதிகம் சாயும். கம்பியைச் செயின்பிளேட்டோடு இணைக்கும் பின் என்ற ஆணியும் தடிக்கும், அதற்காகச் செயின்பிளேட்டின் துளையைப் பெரிதாக்கினால் அங்கே உலோகம் குறையும். படகை வரைந்தவர் சொன்ன அளவே போதும். காசு மிச்சமிருந்தால் 304 ரக எவர்சில்வருக்குப் பதில் 316 வாங்கலாம். பலம் சற்றுக் குறைவு, உப்பைத் தாங்குவது அதிகம்.

ஸ்வேஜ் மேல் டேப் சுற்றாதீர்கள், நீரைப் பிடித்துவைக்கும். பாய் ஏற்றும் கயிறுகளால் பாய்மரத்தை இழுத்துக் கட்டாமல் ஒரு கம்பியைக்கூடக் கழற்றாதீர்கள்.

இறுக்கத்தைக் கையால் தட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 19 இழைக் கம்பி தளர்வாக இருக்கும்போதே 2 மீட்டர் குச்சி ஒன்றின் மேல்முனையை அதில் கட்டுங்கள். கீழ்முனைக்கு நேரே கம்பியில் ஒரு கோடு. இறுக்கும்போது கோடு குச்சியிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால், அறுபடும் சுமையில் 5 சதவீதம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பக்கக் கம்பிகளுக்குப் பொதுவாக 3 மில்லிமீட்டர், அதாவது 15 சதவீதம். புதுக் கம்பி முதல் சில பயணங்களில் கொஞ்சம் தளரும், மறுபடி அளந்து இறுக்குங்கள்.

கடைசியில் ஸ்ப்ளிட் பின், அதாவது இணைப்புப் பின் கழன்றுவிடாமல் பூட்டும் இரண்டு காலுள்ள சிறு ஊசி. கால்களை லேசாக விரித்தால் போதும். சுருட்டி மடக்கிவிட்டால், பாய்மரம் முறிந்து கடலில் விழுந்து படகின் பக்கத்தை இடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்பியை விடுவிக்க அதை உருவ முடியாது.