சாவி வாங்கும் முன் சுவரைத் துடைத்துப் பாருங்கள்: வாடகை வீட்டில் டிக் போதைப்பொருளின் படிவைச் சோதிப்பது எப்படி?

போன வருடம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு அவுட்பில்டிங் (பெரிய வீட்டை ஒட்டி வாடகைக்கு விடும் சிறு வீடு) பார்த்தோம். இரண்டு அறை, குளியலறை, தனி வாசல். சுவரெல்லாம் புது வெள்ளை பெயிண்ட். என் மகனுக்கு அப்போது பத்து மாதம். தரையெல்லாம் தவழ்வான், கையில் அகப்பட்டதை வாயில் வைப்பான். திரும்பும் வழியில் எதிர் டீரூமில் பால் வாங்கினேன். கடைப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "அந்த வீடா மகளே? முன்னே இருந்த பையன்கள் ராத்திரி தூங்கவே மாட்டார்களே."

அவர் சொல்லாமல் சொன்னது டிக்கைத்தான். அந்த ஒரு பேச்சால்தான் சோதிக்கக் கற்றுக்கொண்டேன்.

டிக், அதாவது கிரிஸ்டல் மெத் என்ற போதைப்பொருளை, புகைக்கும்போது ஆவி சுவரிலும் கூரையிலும் அலமாரியிலும் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. மேலே பெயிண்ட் அடித்தாலும் அடியிலிருந்து மெல்லக் கசிந்து வரும். அந்த வீட்டிலேயே டிக்கைக் காய்ச்சித் தயாரித்திருந்தால் படிவு இன்னும் பல மடங்கு இருக்கும்.

1. முதலில் கண்ணால்

அடிப்பகுதி கழற்றிய பல்பு, உடைத்த பாட்டில் கழுத்து, கருகிய அலுமினியத் தாள் எங்காவது கிடக்கிறதா என்று பாருங்கள். முதலாவது டிக்குக்கு, அடுத்தது மாண்ட்ராக்ஸ் என்ற போதை மாத்திரைக்கு, கடைசியது ஹெராயின் வகைக்கு. எதையும் வெறும் கையால் தொடாதீர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் வீடு சுத்தம் என்று ஆகிவிடாது.

2. கிட்

ஃபார்மசியில் கிடைக்கும் சிறுநீர் ஸ்ட்ரிப் வேண்டாம். இதில் நான் பிடிவாதம். சிறுநீர் ஸ்ட்ரிப் பல நேரம் ஒரு மில்லிக்கு 1000 நானோகிராம் இருந்தால்தான் காட்டும். 100 சதுர சென்டிமீட்டரைத் துடைத்து 10 மில்லி நீரில் கரைத்தால், 10 மைக்ரோகிராம் படிவு இருந்தால்தான் அது அசையும். 50 நானோகிராமிலேயே காட்டும் ஸ்ட்ரிப்புக்கு அதே கணக்கில் 0.5 மைக்ரோகிராம் போதும். ஆகவே வீட்டு மேற்பரப்புக்கென்றே விற்கும் மெத் கிட்டை ஆன்லைனில் வாங்குங்கள். எத்தனை நானோகிராமில் காட்டும் என்று அட்டையில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

3. துடைப்பது

வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அட்டையில் 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, சுவரில் வைத்து அதற்குள் மட்டும் கிட்டின் துணியால் துடையுங்கள். இடமிருந்து வலம், துணியை மடித்து மேலிருந்து கீழ். புதிதாகப் பெயிண்ட் அடித்த நடுச்சுவரில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். யாரும் கழுவாத இடத்துக்குப் போங்கள்: கதவு நிலையின் மேல்விளிம்பு, அலமாரியின் உச்சித் தட்டு, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் மூடி.

ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கையுறை, துணியை நீரில் கரைத்து ஸ்ட்ரிப்பை முக்கத் தனிச் சோதனைக் குழாய். எல்லா அறைத் துணியையும் ஒரே குழாயில் போட்டால் செலவு குறையும் என்பார்கள். ஆனால் பாசிட்டிவ் வந்தால் எந்த அறை என்றே தெரியாது. எனக்கு அது பிடிக்காது.

4. ஸ்ட்ரிப்பைப் படிப்பது (இங்கேதான் நான் தவறினேன்)

என் வாழ்க்கையில் அதுவரை படித்த ஒரே ஸ்ட்ரிப் கர்ப்பச் சோதனை. அதில் இரண்டு கோடு வந்தால் உண்டு, ஒரு கோடு வந்தால் இல்லை. அதே நினைப்பில் அந்தக் குளியல் தொட்டி விளிம்பில் மூன்று ஸ்ட்ரிப்பையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படுக்கையறை இரண்டுக்கும் இரண்டு கோடு, வயிறு கலங்கியது. ஃபேன் மூடிக்கு ஒரே கோடு. "குளியலறையாவது தப்பித்தது" என்று அதைத் தனியாக வைத்தேன். ராத்திரி என் கணவர் கிட்டுக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டுச் சொன்னார், எல்லாமே தலைகீழ் என்று.

இந்த ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு என்றால் நெகட்டிவ். மேலே C கோடு (ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று காட்டுவது) மட்டும் என்றால் பாசிட்டிவ். காரணம் எளிது. சோதனைக் கோடான T கோட்டில் மெத் ஏற்கெனவே ஒட்டவைக்கப்பட்டிருக்கும். நிறம் ஏற்றிய ஆன்டிபாடி, அதாவது மெத்தைப் பிடிக்கும் புரதம், நீரோடு ஊர்ந்து வந்து அதைப் பிடித்தால் கோடு தெரியும். உங்கள் துணியிலேயே மெத் இருந்தால் ஆன்டிபாடி வழியிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும், T கோட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. T கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது நெகட்டிவ்தான். C கோடே வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது, இன்னொன்று எடுங்கள். தாளில் சொன்ன நிமிடத்துக்குள் படித்து, உடனே ஃபோட்டோ எடுத்துவிடுங்கள்.

5. லேப்

பாசிட்டிவ் வந்தால் லேபுக்கு அனுப்புங்கள். ஸ்ட்ரிப் உண்டு, இல்லை என்றுதான் சொல்லும். லேப் அளவு சொல்லும். எங்கள் ஃபேன் மூடி 6 மைக்ரோகிராம்.

அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? நியூசிலாந்து 2017-இல் வைத்த அளவு 100 சதுர சென்டிமீட்டருக்கு 1.5 மைக்ரோகிராம். மறு வருடமே அந்நாட்டுப் பிரதமரின் அறிவியல் ஆலோசகர் பீட்டர் க்ளக்மன், 15-க்குக் கீழே உடல்நலக் கேடு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். ஆஸ்திரேலிய வழிகாட்டுதலோ 0.5 என்கிறது. ஏற்கெனவே குடியிருப்பவர்கள், எண் 15-க்குக் கீழே இருந்தால் பதறாமல் இருக்கலாம். ஆனால் இனிமேல்தான் குடிபோகப் போகிறோம், தவழும் பிள்ளை வேறு இருக்கிறது என்றால் 1.5-க்கு மேல் நான் போகமாட்டேன். நாங்கள் போகவில்லை. வீட்டுக்கார ஆன்ட்டி பாவம், எண்ணைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

6. தாளில் ஏற்றுங்கள்

எங்கள் நாட்டின் 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிபோகும் முன் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். சோதனை முடிவை அதில் எழுதச் சொல்லுங்கள். வீட்டை ஏஜென்ட் வழியாக விலைக்கு வாங்குவதென்றால், 2022 பிப்ரவரி 1 முதல் குறைகளை அறிவிக்கும் படிவம் கட்டாயம். அதைக் கேட்டு வாங்குங்கள். "ஃபுட்ஸ்டூட்ஸ்" (voetstoots), இருக்கிறபடியே விற்பனை, என்று எழுதியிருந்தாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு அந்தச் சொல் விற்பவரைக் காப்பாற்றாது.

பின்சேர்க்கை: டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். மெத் கிட்டில் எல்லாம் நெகட்டிவ். ஆனால் அங்கே முன்பு இருந்தவர்கள் புகைத்தது 'ஷுகர்ஸ்' என்று பிறகுதான் தெரிந்ததாம். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஷுகர்ஸில் இருப்பது ஹெராயின், மெத் ஸ்ட்ரிப் அதைக் காட்டாது. மாண்ட்ராக்ஸையும் காட்டாது. ஆகவே அக்கம்பக்கத்தில் கேட்கும்போது "புகைத்தார்களா" என்பதோடு நிறுத்தாமல் என்ன புகைத்தார்கள் என்றும் கேளுங்கள். லேபுக்கு அனுப்பும்போது அந்தப் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.