முதலிடம் பிடித்த ஓட்டல் மறுவருடம் எங்கே போகிறது?

பார்சிலோனாவில் இருக்கும் டிஸ்ஃப்ரூதார் என்ற உணவகம், 2024-ல் ‘உலகின் 50 சிறந்த உணவகங்கள்’ பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2025 பட்டியலில் முதலிடம் பெரு நாட்டின் லிமாவில் இருக்கும் மைடோவுக்கு. சரி, டிஸ்ஃப்ரூதார் இரண்டாவதா, பத்தாவதா என்று தேடினால் ஐம்பதுக்குள் எங்கேயும் காணோம். ஒரே வருடத்தில் சமையல் அவ்வளவு கெட்டுப்போய்விட்டதா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் பார்சிலோனா போவதாக இருந்தார், பாவம்.

சமையலில் ஒன்றும் ஆகவில்லை. 2019-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஒருமுறை முதலிடம் பிடித்த உணவகம் அதற்குப் பிறகு போட்டியில் கிடையாது. ‘சிறந்தவற்றிலும் சிறந்தவை’ என்று தனியாக ஒரு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இந்தப் பட்டியல் 2002-ல் இங்கிலாந்தின் ஓட்டல் தொழில் பத்திரிகை ஒன்று தொடங்கியது. விதி வருவதற்கு முன் ஸ்பெயினின் எல் புல்லி ஐந்து முறை, கோபன்ஹேகனின் நோமா நான்கு முறை என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. புதியவர்களுக்கு வழிவிடுவதற்காக என்றுதான் விதியைச் சொன்னார்கள். அதே பெயர் வந்துகொண்டிருந்தால் செய்தி ஆகாது என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

விதி வந்தபிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். இடம் மாறிப் புதிய உணவகமாகத் திறந்ததால் நோமாவுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு கிடைத்து, 2021-ல் ஐந்தாவது முறையாக முதலிடம். அந்த வருடம் இரண்டாவது வந்த கோபன்ஹேகனின் ஜெரானியம் 2022-ல் முதலிடம். 2022-ல் இரண்டாவது வந்த லிமாவின் சென்ட்ரல் 2023-ல் முதலிடம். 2023-ல் இரண்டாவது வந்த டிஸ்ஃப்ரூதார் 2024-ல் முதலிடம். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் சாமான் வாங்கிக்கொண்டு நகர்ந்தால் அடுத்தவர் கவுண்டருக்கு வருவார் இல்லையா, அப்படி. ஆக, ‘உலகிலேயே சிறந்த உணவகம்’ என்ற தலைப்பைப் பார்த்தால், ‘இன்னும் ஜெயிக்காதவற்றில் அதிக ஓட்டு வாங்கியது’ என்று படித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டு என்றதும் இன்னொரு தவறு நினைவுக்கு வருகிறது. நாம் பரீட்சை எழுதி வளர்ந்தவர்கள். ரேங்க் என்றால் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மாதிரி திருத்தி மார்க் போட்டிருப்பார்கள் என்று மனசு தானாக நினைத்துக்கொள்கிறது. இங்கே யாரும் எல்லாத் தாளையும் திருத்தவில்லை. உலகத்தை இருபத்துச் சொச்சம் வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு 40 பேர் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களில் ஒரு பங்கு சமையல்காரர்களும் ஓட்டல் முதலாளிகளும், ஒரு பங்கு உணவு பற்றி எழுதுபவர்கள், மீதி நாடு நாடாகப் போய்ச் சாப்பிடும் வசதி படைத்தவர்கள். ஆளுக்குப் பத்து ஓட்டு. கடந்த 18 மாதங்களில் தாங்கள் சாப்பிட்ட இடங்களுக்குத்தான் போட வேண்டும், அதில் குறைந்தது நான்கு சொந்த வட்டாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். எது ‘சிறந்தது’ என்பதற்கு அளவுகோல் எதுவும் தருவதில்லை. அவரவர் நாக்கு, அவரவர் முடிவு.

எண்ணுவதில் தில்லுமுல்லு இருப்பதாக நான் சொல்லவில்லை. முடிவுகளை டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் சரிபார்க்கிறது. ஆனால் மொத்தமே பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டுகள், அவை உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எந்த உணவகத்துக்கு எத்தனை ஓட்டு என்று வெளியிடுவதும் இல்லை. முப்பத்தெட்டாவது இடத்துக்கும் நாற்பத்தேழாவது இடத்துக்கும் நடுவே என்ன இடைவெளி என்று நமக்குத் தெரிய வழியில்லை. அப்படியிருக்க, “போன வருடம் 38, இந்த வருடம் 47, கீழே இறங்கிவிட்டது” என்று ஒரு கட்டுரையே எழுதிவிடுகிறார்கள்.

எல் புல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில், ஊரிலிருந்து தள்ளி, வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையின் முடிவில் இருந்தது. வருடத்தில் ஏறக்குறைய ஆறு மாதம்தான் திறந்திருக்கும். அந்த ஒரு பருவத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் சுமார் 8,000 பேர். இடம் கேட்டவர்கள் லட்சக்கணக்கில். அங்கே இடம் கிடைப்பதே ஒரு தகுதிச் சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டபோது, கிடைத்தவர் வெளியே வந்து ‘சுமார்தான்’ என்று சொல்லியிருப்பாரா? பட்டியலில் இருப்பதால் ஓட்டுப் போடுபவர்கள் அங்கே போகிறார்கள், போவதால் ஓட்டு விழுகிறது, விழுவதால் பட்டியலில் இருக்கிறது. எல் புல்லியின் சமையலைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தச் சக்கரத்துக்குள் ஏறாத ஓட்டல் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் எண்ணிக்கையில் வராது, அவ்வளவுதான்.

ஓட்டுப் போடுபவர்களுக்குப் பட்டியல் அமைப்பு பயணச் செலவும் தருவதில்லை, சாப்பாட்டுச் செலவும் தருவதில்லை. அப்படியானால் லிமாவுக்கும் டோக்கியோவுக்கும் யார் காசில் போகிறார்கள் என்ற கேள்வி வரும். சொந்தக் காசாக இருக்கலாம், பத்திரிகையின் காசாக இருக்கலாம், ஒரு நாட்டின் சுற்றுலாத் துறை அழைத்ததாகவும் இருக்கலாம். 2015 வரை லண்டனில் நடந்த பரிசளிப்பு விழா அதற்குப் பிறகு நியூயார்க், மெல்போர்ன், பில்பாவோ, சிங்கப்பூர் என்று சுற்ற ஆரம்பித்தது. விழா நடக்கும் ஊருக்கு உணவு எழுத்தாளர்களும் செஃப்களும் கூட்டமாக வந்து இறங்குவார்கள். வந்தவர்கள் பட்டினியாகத் திரும்புவதில்லை. விமானம் அடிக்கடி இறங்காத ஊரின் ஓட்டலுக்கு இந்த வசதி கிடையாது.

அப்புறம், மிஷலின். இதை மேலே சொன்ன பட்டியலோடு குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். இரண்டும் வேறு வேறு. மிஷலின் என்பது டயர் கம்பெனி. காரில் ஊர் சுற்றுபவர்களுக்காக 1900-ல் கையேடு போட்டார்கள், 1926-ல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஓட்டு கிடையாது, சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டாமல் போய், பில் கட்டிச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு, நாற்காலிக்கும் திரைச்சீலைக்கும் அல்ல. அது உணவகத்துக்குத் தருவது. ‘மிஷலின் செஃப்’ என்று போட்டுக்கொள்பவர் வேறு இடத்தில் கடை திறந்தால் நட்சத்திரம் பின்னாலேயே வராது.

மிஷலினையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2005-ல் பெல்ஜியத்தில் ஒரு உணவகம் திறப்பதற்கு முன்பே அவர்கள் கையேட்டில் பாராட்டோடு இடம்பெற்றுவிட்டது. விஷயம் வெளியே வந்ததும் அச்சடித்த பிரதிகளைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் வாசகர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் வேறு. தாய்லாந்து சுற்றுலாத் துறை ஐந்து வருடத்துக்கு தங்கள் நாணயத்தில் 14 கோடி பாத்துக்கும் மேல் கொடுத்துத்தான் மிஷலினை பாங்காக்குக்கு வரவழைத்தது. கலிஃபோர்னியா மாநிலம் முழுவதுக்குமான 2019 கையேட்டுக்கு அந்த மாநிலச் சுற்றுலா அமைப்பு 6 லட்சம் டாலர் கொடுத்தது. காசு கொடுத்தால் நட்சத்திரம் கிடைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆய்வாளர் எந்த ஊரில் இறங்குவார் என்பதில்தான் காசுக்கு வேலை. இந்தியாவில் மிஷலின் நட்சத்திர ஓட்டல் ஒன்றுகூட இல்லை என்று வருத்தப்படுபவர்கள், இங்கே அவர்கள் கையேடே போடவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. இந்தியச் சமையலுக்கு முதல் நட்சத்திரம் 2001-ல் லண்டனில் கிடைத்தது. முதல் மூன்று நட்சத்திரம் 2025-ல் துபாயின் ட்ரெசிண்ட் ஸ்டூடியோவுக்கு.

நம் ஆள் ஜெயித்தால் மட்டும் கேள்வி கேட்க மறந்துவிடுகிறோம், நானும்தான். 2025 ஜூனில் ‘உலகின் நம்பர் ஒன் ஓட்டல் தமிழருடையது’ என்று எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. நானும் நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் விவரம் பார்த்தேன். நத்தம் பக்கத்திலிருந்து போன விஜய்குமார் செஃப்பாக இருக்கும் செம்மா, நியூயார்க் டைம்ஸ் போட்ட ‘நியூயார்க் நகரின் 100 சிறந்த உணவகங்கள்’ பட்டியலில் முதலிடம். ஒரு நகரம், ஒரு பத்திரிகை. அந்த நகரத்தில் நத்தைப் பிரட்டலைப் பரிமாறி இந்த இடத்துக்கு வந்ததே பெரிய விஷயம், உலகம் என்று ஊதிச் சொல்லத் தேவையே இல்லை. இன்னொன்று: ஒரு ஊருக்குள் ஒரே பத்திரிகைக்காரர்கள் சாப்பிட்டுப் பார்த்துப் போடும் பட்டியலை, ஆயிரம் பேர் ஆயிரம் திசையில் சாப்பிட்டுப் போடும் பட்டியலைவிட நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன். யாருடைய ரசனை என்று தெரியும், ஒத்துப்போகவில்லை என்றால் ஒதுக்கிவிடலாம்.

தேதியையும் பாருங்கள். நியூயார்க்கின் லெவன் மேடிசன் பார்க் 2017-ல் உலகப் பட்டியலில் முதலிடம் வந்தபோது அதன் வாத்துக் கறி பிரசித்தம். 2021-ல் மீண்டும் திறந்தபோது சமையலில் பால்கூடச் சேர்க்காத முழுச் சைவம். 2025-ல் திரும்பவும் கறி வந்துவிட்டது. ‘முன்னாள் முதலிடம்’ என்று நம்பிப் போகிறவர் எந்த ஓட்டலுக்குப் போகிறார்?

போவதற்கு முன் எப்படிப்பட்ட சாப்பாடு என்று தெரிந்துகொள்ளாததும் ஒரு தவறுதான். இந்தப் பட்டியல்களில் வரும் பெரும்பாலான இடங்களில் மெனுவைப் பார்த்து ஆர்டர் செய்ய முடியாது. பதினைந்து, இருபது சின்னச் சின்னத் தட்டுகள், அவர்கள் வைக்கும் வரிசையில், மூன்று நான்கு மணி நேரம். தெரிந்தவர் ஒருவர் இப்படி ஓர் இடத்தில் மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, தெருமுனை வண்டியில் நூடுல்ஸ் சாப்பிட்டதை இன்றைக்கும் சொல்வார். அந்த ஓட்டல் மேல் தப்பில்லை. அவர் பசியோடு போனார், அவ்வளவுதான்.

நிபுணர்களே வேண்டாம், சாப்பிட்ட சாதாரண ஜனங்களின் மதிப்பீடு போதும் என்பவர்களுக்கு லண்டன் கதை ஒன்று இருக்கிறது. 2017-ல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ‘தி ஷெட் அட் டல்விச்’ என்ற உணவகமாக டிரிப் அட்வைசர் என்ற மதிப்பீட்டு இணையதளத்தில் பதிவு செய்தார். அடுப்பு இல்லை, மேசை இல்லை. நண்பர்களை வைத்துப் பொய் விமர்சனங்களை எழுதவைத்தார். யார் போன் செய்தாலும் இடமில்லை என்றார். சில மாதங்களில் அது லண்டனின் முதலிட உணவகம் ஆனது. அப்புறம் ஒரே ஒரு ராத்திரி நிஜமாகவே திறந்து, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய மலிவான ரெடிமேட் சாப்பாட்டைச் சூடாக்கி, மேலே இலை தழை தூவிப் பரிமாறினார். வந்தவர்களில் சிலர் போகும்போது, அடுத்த முறை இடம் சுலபமாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.