சென்னையில் வீடு பார்க்கும்போது வாடகையோடு மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவது எப்படி?

தாம்பரம் தாண்டி, புறநகரான ஊரப்பாக்கத்தில் மூன்று வருஷம் குடியிருந்தேன். வேலை தரமணியில். வாடகை 9,500 ரூபாய். ரெண்டு பெட்ரூம், மொட்டை மாடி, நல்ல காற்று. "இந்தக் காசுக்கு ஊருக்குள்ள ஒத்த ரூம்கூட கிடைக்காது" என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் மகளுக்கு முன்பல் விழுந்த விஷயம் மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் கிளம்பும்போதும் தூக்கம், திரும்பும்போதும் தூக்கம். அந்த வாரம் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடு எங்கே தேடுவது, புரோக்கரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகக் கணக்குக்கு வருகிறேன்.

படி 1: வாடகையை மட்டும் எழுதாதீர்கள், மாசத்துக்கு மொத்தம் எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள்

எக்செல் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள், விட்டுப்போனதைச் சொல்வார்கள். என் நோட்டில் டிபன் செலவைச் சேர்க்கச் சொன்னது என் மனைவி.

ஊரப்பாக்கம்: வாடகை 9,500, மெயின்டனன்ஸ் 1,000, கரண்ட் 1,200, போக்குவரத்து 3,100 (சீசன் டிக்கெட், ஷேர் ஆட்டோ, கடைசி பஸ்ஸை விட்ட நாட்களின் ஆட்டோ), வீடு வந்து சேர லேட்டாகும் என்று வழியில் சாப்பிட்ட டிபன் 1,800. மொத்தம் 16,600.

ஆதம்பாக்கம் (மாறிப்போகப் பார்த்த இடம், ஊருக்குள்): வாடகை 16,000, மெயின்டனன்ஸ் 1,500, கரண்ட் 900, பெட்ரோல் 1,200, வெளிச்சாப்பாடு 500. மொத்தம் 20,100.

வாடகையில் 6,500 வித்தியாசம். மொத்தச் செலவில் 3,500தான்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மின் வாரியம் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. ஊரப்பாக்கத்தில் எனக்கு அப்படித்தான் போனது.

படி 2: வழியை நீங்களே போய்ப் பாருங்கள், அதுவும் திங்கட்கிழமை காலையில்

நான் சறுக்கியது இங்கேதான். ஊரப்பாக்கம் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பைக்கில் போய்ப் பார்த்தேன். தரமணியிலிருந்து ஐம்பது நிமிஷம். தாராளமாகப் போய்வரலாம் என்று அன்றே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

குடிவந்த பிறகு வார நாளில் பெருங்களத்தூர் தாண்டவே பொறுமை போனது. பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயிலுக்கு மாறினேன். நிறைய மின்சார ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. ஒரு வண்டியை விட்டால் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டியதுதான். கிண்டியில் இறங்கி, மேம்பாலம் ஏறி, பஸ் பிடித்து ஆபீஸ் வாசலைத் தொட ஒரு மணி நாற்பது நிமிஷம். சாயங்காலமும் அதே.

மேப் காட்டும் நேரத்தை நான் நம்புவதில்லை. வண்டிக்குக் காத்திருக்கும் நேரம், படியேறும் நேரம், கூட்டத்தில் ஏற முடியாமல் விட்ட வண்டி எதுவும் அதில் சரியாக வராது. வீட்டு வாசலில் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள், ஆபீஸ் வாசலில் நிறுத்துங்கள். ஒருமுறை காலையில், ஒருமுறை சாயங்காலம். அரை நாள் லீவு போட்டாவது செய்யுங்கள். மெட்ரோ வரப்போகிறது என்று யாராவது சொன்னால், இன்றைக்கு ஓடுகிற வண்டியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

படி 3: ஒரு மணி நேரம் என்ன விலை?

ஊரப்பாக்கத்திலிருந்து போகவர 3 மணி 20 நிமிஷம். ஆதம்பாக்கத்திலிருந்து 1 மணி 10 நிமிஷம். தினம் 2 மணி 10 நிமிஷம் மிச்சம். மாசம் 22 வேலை நாள் என்றால் ஏறக்குறைய 47 மணி நேரம். கூடுதல் செலவு 3,500 ரூபாயை 47ஆல் வகுத்தால் ஒரு மணி நேரம் 75 ரூபாய்க்கும் கீழே. மகளோடு இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு இதைத் தர எனக்கு யோசனையே இல்லை.

இதே கணக்குதான் என்னைத் திருவான்மியூருக்குப் போகவிடாமலும் தடுத்தது. கடல் பக்கம், ஆபீஸ் இருபது நிமிஷம், மனசு அங்கேதான் ஓடியது. ஆனால் ஆதம்பாக்கத்தைவிட மாசம் 8,000 கூடுதல், மிச்சமாவது 11 மணி நேரம்தான். மணிக்கு 700 ரூபாய்க்கு மேல். அது எங்கள் சம்பளத்துக்கு ஆகாது.

படி 4: தண்ணீர், ரெண்டு விதமாகவும்

ஏரியா பேரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், தெருவைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன ஆனது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என்ன ஆனது, 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணி எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது. இந்த மூன்றையும் கேளுங்கள், ஆனால் வீட்டுக்காரரிடம் அல்ல. ஆதம்பாக்கத்தில் முதலில் பார்த்த வீட்டைப் பற்றி, நான் தெருமுனைப் பெட்டிக்கடை அம்மாவிடம் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள வராதுப்பா. ஆனா ரெண்டு நாளைக்கு நீ வெளிய போக முடியாது."

காம்பவுண்டு சுவரைக் காட்டினார். வெள்ளையடித்ததற்கு அடியில், என் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. அந்த வீட்டை விட்டுவிட்டு ரெண்டு தெரு தள்ளி மேட்டில் எடுத்தேன். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்), போர் ரெண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். போர் தண்ணியை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

படி 5: அட்வான்ஸ்

பத்து மாசம் கேட்டார்கள், பேசி ஐந்துக்குக் கொண்டுவந்தேன். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. இதைச் சண்டையாக இல்லாமல் மரியாதையாக எடுத்துச் சொன்னால் இறங்கி வருகிறார்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அக்ரிமென்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: வாசகி ஒருவர் கேட்டிருந்தார், கணவருக்கு அம்பத்தூரில் வேலை, எனக்குச் சிறுசேரியில், வீடு எங்கே பார்ப்பது என்று. ரெண்டு பேருக்கும் மிச்சமாகும் நேரத்தைக் கூட்டி, கூடுதல் செலவை அதனால் வகுங்கள். ரெண்டு இடத்துக்கும் விடை சமமாக வந்தால், குழந்தையின் ஸ்கூலிலிருந்து போன் வந்தால் ஓடவேண்டியவர் யாரோ, அவருக்குப் பக்கத்தில் எடுங்கள்.

இன்னொன்று: பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்கு (HRA) கழிவு கேட்பவர்கள், வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் நம்பரைக் கொடுக்க வேண்டும். தரமாட்டேன் என்று சொல்கிற வீடாக இருந்தால், அதனால் கூடும் வரியையும் முதல் படியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் டோக்கன் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.