கடலுக்கு அடியில் போன வேலணைக் கிணறுகள்

யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணைத் தீவின் கரையோரக் கிணறுகளை வரைபடத்தில் குறித்தோம். சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய மெல்லிய நன்னீர்ப் படையைத்தான் தீவு குடிக்கிறது. கடல் ஏறினால் எந்தக் கிணறு முதலில் உவர்க்கும் என்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கைத்தொலைபேசியில் எடுத்த உயரங்களைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். எல்லாக் கிணறுகளும் கடல்மட்டத்துக்கு 90 மீற்றருக்கும் அதிகமாகக் கீழே கிடந்தன! கருவி பழுது என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன்.

கருவியில் பிழையில்லை. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் உருவத்துக்கு ஈடாக வைத்த டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணித நீள்வட்டத்திலிருந்து அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைந்த பெரும் பள்ளம் உண்டு. அங்கே கடற்பரப்பே அந்த நீள்வட்டத்துக்கு ஏறத்தாழ 106 மீற்றர் கீழே இருக்கிறது. அதன் தாக்கம் யாழ்ப்பாணம் வரை நீள்கிறது. கடல்மட்டம் அந்த நீள்வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் ஈஜிஎம் 2008 மாதிரியின் மதிப்பை ஒவ்வொரு புள்ளியிலும் கழித்ததும் கிணறுகள் நிலத்துக்கு ஏறின. மதிப்பு எதிர்மறை என்பதால் கழித்தால் கூடும். அங்கும் ஒருமுறை தடுமாறினேன்.

ஆனாலும் கைத்தொலைபேசி உயரத்தில் சில மீற்றர் பிழை இருக்கும். அரை மீற்றரே வாழ்வா சாவா என்னும் தரையில் அது போதாது. 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடாரால் எடுத்த உயரத் தரவும் உதவவில்லை. பனங்கூடல்களை அது மேடாகக் காட்டியது. கடைசியில் மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயைப் பிடித்து, கரையில் அசையாத ஓர் அடையாளத்திலிருந்து கிணறு கிணறாக அளந்தோம். வரைபடத்தில் இப்போது அந்த அளவுகளே இருக்கின்றன.