ரெண்டு லட்சம் ஓடின டீசல் காரு, ஓனர்கிட்டயே நேரா வாங்கப் போறவங்க பண்ற தப்புங்க

ஞாயித்துக்கிழமை ஆனா போதும், "அண்ணா, ஒரு வண்டி பாத்து வெச்சிருக்கேன், கூட வந்து பாத்து சொல்றீங்களா"ன்னு யாராவது போன் போட்டுருவாங்க. போனா பாதிப்பேரு ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்துட்டுத்தான் கூப்பிட்டிருப்பாங்க. அதுக்கு மேல நான் என்னத்த சொல்றது? வண்டி பாக்க ஆரம்பிச்ச புதுசுல நாங்கெல்லாம் பண்ண கூத்தையே அச்சு மாறாம பண்றாங்க, அதான் எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். டயர் பாருங்க, ஏசி போட்டுப் பாருங்க, பெயின்ட் பாருங்கன்னு சொல்ல யூடியூப்ல ஆளு இருக்காங்க, அதெல்லாம் விட்டுர்றேன்.

சூடான இன்ஜினப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்கறது

இத நினைச்சாலே எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்த அமுக்கி அமுக்கி வர்ற சூட்டுலதான் டீசல் பத்துது. அந்தக் காத்து வெளிய போகாம அடைக்கற பிஸ்டன் ரிங் தேஞ்சு, அமுக்கற அழுத்தம், அதாவது கம்ப்ரஷன் குறைஞ்சிருந்தா, அது ராத்திரி பூரா நின்னு ஆறிப்போன இன்ஜின்லதான் நல்லாத் தெரியும், ஒரு தடவ சூடாயிட்டா அதே வண்டி பாதி செல்ஃப்ல எடுத்துரும், நீங்களும் "ஆஹா என்னா ஸ்டார்ட்டிங்"னு மயங்கிருவீங்க. குளிருற ஊர்லன்னா, ஸ்டார்ட் பண்றப்ப உள்ள சூடு ஏத்திக் குடுக்கற குளோ பிளக் போயிருச்சு, அதான் காலைல மக்கர் பண்ணுதுன்னு சொன்னா நம்பலாம். நம்மூரு வெயிலுக்கு நல்லா இருக்கற காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து பிரஷரோட டீசல் போறது, அந்தக் குழாய்தான் ரெயில்) குளோ பிளக் வேலை செய்யலன்னாலும் பெரும்பாலும் எடுத்துரும். அதனால காலைல ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் எடுக்குதுன்னா கம்ப்ரஷனோ, டீசல் லைன்ல காத்து இழுக்கறதோ, சிலிண்டருக்குள்ள டீசலப் பீச்சற இன்ஜெக்டரோ ஏதோ ஒண்ணு பெருசா இருக்கு.

இன்னொண்ணு டைமிங் செயின், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே கணக்குல ஓட வெக்கற செயின். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, லீனியான்னு நம்ம ரோட்ல பாதி டீசல்ல உக்காந்திருந்தது அந்த ஃபியட்காரன் 1.3 மல்டிஜெட்தான், அதுல செயின். செயின டைட்டா வெச்சுக்கறது ஆயில் பிரஷர்ல வேலை செய்யற டென்ஷனர். ராத்திரி நிக்கறப்ப ஆயில் கீழ இறங்கிரும், செயின் நீண்டுபோயிருந்தா காலைல ஸ்டார்ட் பண்ண முதல் ரெண்டு மூணு செகண்ட் கரகரன்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி அமைதியாயிரும். அந்த ரெண்டு செகண்டக் கேக்கத்தான் நாம போறதே.

விக்கறவருக்கும் இது தெரியும். பொள்ளாச்சி பக்கம் ஒரு பெரியவர் வீட்டுக்கு திருப்பூர் தம்பி ஒருத்தரோட போயிருந்தேன், காலைல ஏழு மணிக்கே வர்றோம், அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு முந்தின நாளே சொல்லியாச்சு. போய் பானட்ல கை வெச்சா சுடுது. தொறந்து ரேடியேட்டர் ஹோஸத் தொட்டா கை வெக்க முடியல. "காலைல பால் வாங்கப் போயிட்டு வந்தேனுங்க"ங்கறாரு. பக்கத்துலயே ஸ்கூட்டி நிக்குது, அதோட ஹேண்டில்ல பால் தூக்கு தொங்குது, அடியில இன்னும் ஈரம் காயல. நான் தம்பிய ஓரமா கூப்பிட்டு, இன்னிக்கு வேணாம், ரெண்டு நாள் கழிச்சு சொல்லாமக் கொள்ளாம வருவோம்னேன். அவரு, "அண்ணா, பெரியவர் காபியெல்லாம் குடுத்தாரு, எப்படிண்ணா சும்மா போறது"ன்னு அங்கயே பத்தாயிரம் எடுத்துக் குடுத்துட்டாரு! ஒரு டம்ளர் காபிக்கு. வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலைலயே கரகர சத்தம் வீடியோவா எனக்கு வந்துருச்சு, அப்புறம் செயின் கிட்டு, அதப் பிரிச்சப்ப தெரிஞ்ச மத்த வேலைன்னு வாங்கின விலைல கால்வாசி ஒர்க் ஷாப்புக்குப் போச்சு.

அதனால, சூடா இருந்தா அன்னிக்கு வண்டி பாக்க வேணாம், அவ்ளோதான். ஆறின வண்டின்னா நீங்களே சாவி போடுங்க, இன்னொருத்தர சைலன்சர்கிட்ட நிக்க வெய்ங்க. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளப் புகைல டீசல் வாடை அடிச்சா எரியாத டீசல், இனிப்பா ஒரு வாடைன்னா கூலன்ட் உள்ள போகுது, இன்ஜின் ஹெட்டுக்கு அடியில அடைப்பா இருக்கற ஹெட் கேஸ்கட் ஞாபகம் வரணும். அப்புறம் ஐட்லிங்ல ஆயில் மூடியத் திருகிக் கழட்டி அப்படியே மேல சும்மா வெச்சுப் பாருங்க. லேசா ஆடினா பரவால்ல, ஓடின வண்டில கொஞ்சம் காத்து வரும். மூடியத் தூக்கி எறியற மாதிரி குபுகுபுன்னு புகை தள்ளுச்சுன்னா ரிங் வேலை காத்துக்கிட்டு இருக்கு, கெளம்பி வந்துருங்க.

ஆறின ஸ்டார்ட்டோட நிறுத்திராதீங்க. அரை மணி நேரமாவது ஹைவேல ஓட்டி நல்லா சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி அடிங்க. இன்ஜெக்டர் தேஞ்சு ரிட்டர்ன் லைன்ல டீசல் அதிகமா திரும்பிப் போற வண்டி இங்கதான் மாட்டும், ஏன்னா சூட்டுல டீசல் தண்ணியாயிரும், ரெயில்ல பிரஷர் ஏறாது. ஒரு புது இன்ஜெக்டரே பத்தாயிரத்துக்கு மேல போகும், நாலு சிலிண்டருக்கு நாலு.

நேத்து கழுவின இன்ஜின்

ஆயில் லீக்கையும் சேத்துக் கழுவிட்டாங்க. நாலு நாள் ஓட்டினப்புறம் வர்றேன்னு சொல்லுங்க.

கிலோமீட்டரக் கண்டு பயப்படறது

2013 மாடல் டீசல், மீட்டர்ல வெறும் எழுபதாயிரம், சர்வீஸ் பில்லு எதுவும் இல்ல. பக்கத்துலயே ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் ஓடினது, ஃபைல் நிறைய பில்லு. மக்கள் முதல் வண்டிக்குத்தான் ஓடுறாங்க. பத்து வருஷம் டீசல் வெச்சிருந்தவரு ஏன் டீசல் வாங்கினாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சாப் போதும், நெறைய ஓட்டத்தான். மீட்டரத் திருப்பறது இன்னிக்கு லேப்டாப் வேலை. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பரச் சொல்லி ஹிஸ்டரி எடுத்துத் தரச் சொல்லுங்க, ஓனரையும் கூட்டிட்டுப் போங்க. வரமாட்டேன்னாருன்னா பதில் அதுலயே இருக்கு.

பழைய இன்னோவா 2.5, டஸ்டர் மாதிரி வண்டில அந்த செயினுக்குப் பதிலா இருக்கறது டைமிங் பெல்ட்டு. அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், இன்ஜின் பிரிக்கணும். மாத்தின பில்லு இல்லன்னா மாத்தலன்னே வெச்சுக்கிட்டு அந்தக் காச விலைல குறைங்க.

மஞ்ச போர்டு வெள்ள போர்டான வண்டி

டாக்ஸியா ஓடி அப்புறம் ஓன் போர்டுக்கு மாத்தினது. வாங்கவே கூடாதுன்னு சொல்லமாட்டேன், சில டிராவல்ஸ்காரங்க நம்மள விட ஒழுங்கா ஆயில் மாத்துவாங்க. ஆனா டாக்ஸி விலைக்கு வாங்குங்க.

டெல்லி வண்டி சல்லிசா கிடைக்குதுன்னு

டிஎன் நம்பருக்கு மாத்த லைஃப் டாக்ஸ் எவ்ளோன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் சந்தோஷப்படுங்க.

மாசம் ஐநூறு கிலோமீட்டர் ஓட்டறதுக்கு டீசல்

பெட்ரோல் வாங்குங்க. முக்கியமா 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 டீசல்ல புகைக்கரியப் புடிச்சு வெக்கற ஃபில்டர் இருக்கு, அதுல சேர்ற கரி எரிஞ்சு சுத்தமாக ஒரு நீட்டமான ஓட்டம் வேணும். வீட்லருந்து மார்க்கெட், மார்க்கெட்லருந்து வீடுன்னு ஓட்டினா அடைச்சுக்கும்.

பேப்பர் விஷயம்

ஆர்சில லோன் போட்ட பேங்க் பேரு இருந்தா, "முடிச்சாச்சுங்க"ங்கற வாய் வார்த்தை செல்லாது, பாக்கி இல்லன்னு பேங்க் குடுக்கற என்ஓசியும், ஆர்சில இருந்து பேங்க் பேர எடுக்கற ஃபார்ம் 35-ம் கைக்கு வரணும். பாக்கி இருந்தா அந்தப் பணத்த பேங்க் லோன் கணக்குலயே நேரா கட்டுங்க. ஓனர் பேரு மாத்தற ஃபார்ம் 29, 30-ல விக்கறவரா கையெழுத்துப் போடறவரும் ஆர்சில இருக்கறவரும் ஒரே ஆளான்னு ஆதார வெச்சுப் பாருங்க, மச்சான் வண்டி, நண்பர் வண்டின்னு சொல்லி புரோக்கர்களே ஓனர் மாதிரி விளம்பரம் போடறாங்க. பழைய போலீஸ் ஃபைன் ஏதாவது நிக்குதான்னு பரிவாகன்ங்கற கவர்மென்ட் வெப்சைட்ல வண்டி நம்பரப் போட்டுப் பாத்துருங்க.

பேரு மாத்த சட்டப்படி முப்பது நாள் டைம் இருக்கு, ஆனா இன்சூரன்ஸ பதினாலு நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும். அது மாத்தாம நீங்க எங்கயாவது இடிச்சுட்டா உங்க வண்டிச் செலவுக்கு கிளைம் வராது. விக்கறவருக்கு இருக்கற நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாததுக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி) அவரோட போயிரும், வண்டியோட வராது, அந்த வித்தியாசத்த நீங்கதான் கட்டணும், விலை பேசறப்பவே அதையும் சேத்துக்கங்க.