பிங் சரி, ஃபைல் மட்டும் நகரவில்லை

புது நெட்வொர்க் ஸ்விட்ச் மாட்டியதும் ஒரு சர்வரிலிருந்து ஃபைல் எடுப்பது மட்டும் ஆமை வேகமானது. பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) ஒழுங்காக வந்தது. கேபிளை மாற்றியும் பலனில்லை. அப்புறம் ஸ்விட்சில் போர்ட் நிலையைக் காட்டும் 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' கட்டளை கொடுத்துப் பார்த்தேன்: 100 எம்பிபிஎஸ், ஹாஃப் டூப்ளெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் தரவு போகும் நிலை. லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் தரவு மோதல்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

சர்வர் கார்டில் யாரோ எப்போதோ 100 ஃபுல் (இரு திசையிலும் ஒரே நேரத்தில்) என்று நிலையாக வைத்திருந்தார்கள். ஸ்விட்ச் போர்ட்டோ ஆட்டோ: எதிர்முனையோடு பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தானே முடிவு செய்யும். எதிர்முனை பேச்சுக்கே வராவிட்டால், ஸ்விட்சால் சிக்னலை வைத்து வேகத்தை மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸ் தெரியாது என்பதால் ஹாஃபுக்குப் போய்விடும்.

போர்ட்டையும் 100 ஃபுல் ஆக்கலாம்தான். ஆனால் கிகாபிட் கார்டை எதற்கு நூறில் கட்டிப்போட வேண்டும்? சர்வர் பக்கத்தை ஆட்டோவுக்கு மாற்றினேன். லிங்க் ஒருமுறை விழுந்து 1000 ஃபுல்லில் எழுந்தது. 'கிளியர் கவுன்டர்ஸ்' போட்டுப் பிழைக் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டு மாலை வரை பார்த்தேன். பிழை ஒன்றுகூட ஏறவில்லை.